இந்தோ-ஐரோப்பியம்தான் எல்லா மொழிக்கும் அச்சா?

வாசகர் கேள்வி, மார்ச் 2

உலகத்தில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இந்தோ-ஐரோப்பிய மொழி (ஆங்கிலம், ஹிந்தி, சமஸ்கிருதம் எல்லாம் அடங்கும் குடும்பம்) ஏதோ ஒன்றுதான் தாய்மொழி. மொழியியல் என்ற துறையே அந்த மொழிகளை ஒப்பிட்டதில்தான் வளர்ந்தது. அப்படியானால் மனித மொழியின் இயல்பான அமைப்பு அதுதான், தமிழ் போன்றவை அதிலிருந்து விலகியவை என்று எடுத்துக்கொள்வதில் என்ன தவறு? எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை. ஆண்பால் பெண்பால் உள்ள பெயர்கள். 'ஹேவ்' போன்ற உடைமை வினை. 'ஹூ', 'விச்' போட்டு இணைக்கும் வாக்கியம். எந்த இலக்கணப் புத்தகத்தைத் திறந்தாலும் இவைதானே வருகின்றன?

மார்ச் 2, இரவு

தவறு இருக்கிறது. எங்கே என்று சொல்லிவிடுகிறேன்.

பேசுகிறவர்களை எண்ணினால் பாதி. மொழிகளை எண்ணினால்? உலகத்தில் இன்று சுமார் 7000 மொழிகள். அவற்றில் இந்தோ-ஐரோப்பியம் 400-க்குச் சற்று மேல். நூற்றுக்கு ஆறு. மீதித் தொண்ணூற்று நான்கையும் 'விலகியவை' என்று சொன்னால், எதிலிருந்து விலகின?

பேசுகிறவர்கள் பெருகியதற்கும் இலக்கணத்துக்கும் சம்பந்தம் இல்லை. கருங்கடலுக்கு வடக்கே இருந்த புல்வெளிகளிலிருந்து குதிரையோடும் வண்டியோடும் ஆட்கள் பரவினார்கள் என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் வரலாறு. அப்புறம் 15-ஆம் நூற்றாண்டு முதல் கப்பல்கள். ஸ்பானிஷும் போர்ச்சுகீசும் ஆங்கிலமும் அமெரிக்கக் கண்டங்கள் முழுக்கப் பரவியது கப்பலாலும் படையாலும் நோயாலும். வாக்கியத்தில் வினை நடுவில் நின்றதால் எந்த மொழியும் கடல் தாண்டவில்லை.

காலத்தையும் பாருங்கள். இந்தக் குடும்பத்துக்கெல்லாம் தாயான மூல இந்தோ-ஐரோப்பியம் பேசப்பட்டது ஏறக்குறைய 6000 ஆண்டுகளுக்கு முன். மனிதர்கள் பேசத் தொடங்கி எத்தனையோ பத்தாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. மரத்தின் ஒரு கிளையில் துளிர்த்த கொப்பை வேர் என்று சொல்ல முடியாது.

மார்ச் 3

நீங்கள் சொன்ன நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

வரிசை. உலக மொழிகளைக் கணக்கெடுத்தவர்கள் கண்டது: வினை கடைசியில் வரும் மொழிகள்தான் எண்ணிக்கையில் முதலிடம். 'நான் அவனைப் பார்த்தேன்' என்பதுதான் அதிகம் காணப்படும் வரிசை. வினை நடுவில் வருவது இரண்டாமிடம்.

பால். 257 மொழிகளை எடுத்துப் பார்த்த ஒரு கணக்கில் 145-இல் பால் பாகுபாடே கிடையாது. தமிழில் உண்டு, ஆனால் பொருளைப் பார்த்து வருகிறது. உயர்திணை, அஃறிணை என்று பிரித்துவிட்டு அப்புறம்தான் ஆண், பெண். ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அலிப்பால். பொருளைப் பார்த்தால் விடை கிடைக்காது.

உடைமை வினை. 'எனக்கு இரண்டு தம்பிகள்', 'என்னிடம் பணம் இருக்கிறது'. இப்படி 'ஒருவருக்கு இருக்கிறது', 'ஒருவரிடம் இருக்கிறது' என்று சொல்லும் மொழிகள் உலகம் முழுக்க இருக்கின்றன. 'ஹேவ்' போன்ற வினை உலக மொழிகளில் சிறுபான்மைதான்.

இணைப்பு வாக்கியம். 'நேற்று வந்த பையன்' என்று பெயரெச்சம் போட்டு முடித்துவிடுகிறோம். 'ஹூ' போன்ற ஒரு சொல்லை நடுவில் நிறுத்தி இணைப்பது ஐரோப்பாவுக்கு வெளியே அரிதான முறை.

என் வேலை மொழிபெயர்ப்பு. தொடங்கிய புதிதில் ஒரு நிறுவனம் சொற்பட்டியல் தயாரிக்கச் சொல்லி ஒரு படிவம் அனுப்பியது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் எதிரே 'பால்' என்று ஒரு கட்டம், கட்டாயம் நிரப்ப வேண்டும். 'மேசை', 'கணக்கு', 'காய்ச்சல்' எல்லாவற்றுக்கும். ஆணா பெண்ணா என்று கேட்டது படிவம். அஃறிணை என்று எழுதினேன், ஏற்கவில்லை. கடைசியில் எல்லாவற்றுக்கும் 'ஆண்' என்று நிரப்பி அனுப்பினேன். இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான். இல்லாத ஒன்றை என் மொழியில் இருப்பதாக நானே எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 5

நேற்று முன்தினம் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு பெரிய பிழை இருக்கிறது, திருத்துகிறேன்.

கேள்வி கேட்டவரைப் போலவே நானும் அந்த நான்கையும் 'இந்தோ-ஐரோப்பியக் குணங்கள்' என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டேன். அவை அந்தக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான குணங்கள் இல்லை. பால் மூல மொழியிலிருந்தே வந்தது, ஆனால் பல மொழிகள் அதை இழந்துவிட்டன. மற்றவை பெரும்பாலும் மேற்கு ஐரோப்பாவில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த சில மொழிகள் ஒன்றோடொன்று பழகி வளர்த்துக்கொண்டவை.

ஹிந்தி கற்றபோதே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். வினை கடைசியில். உருபுகள் பெயருக்குப் பின்னால். 'மேரே பாஸ் ஹை' என்றால் 'என்னிடம் இருக்கிறது'. சொற்களைத் தமிழுக்கு மாற்றினால் வாக்கியம் பாதிக்கு மேல் அப்படியே நிற்கும். ஆனாலும் ஹிந்தி அசல் இந்தோ-ஐரோப்பியம். இறந்தகாலத்தில் 'நே' வந்து வினை செயப்படுபொருளோடு இயைந்து நிற்பதைப் பழக எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அந்த அமைப்பு ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை.

வங்காளியில் இலக்கணப் பால் கிடையாது. பாரசீகத்திலும் கிடையாது, 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே சொல். அர்மீனியத்திலும் இல்லை. ஐரிஷில் வினை முதலில் வரும், உடைமை வினை இல்லை, 'புத்தகம் இருக்கிறது என்னிடத்தில்' என்கிறார்கள். பஞ்சாபியில் குரலின் ஏற்ற இறக்கம் சொல்லின் பொருளையே மாற்றும், சீனத்தில் போல. பல்கேரியனில் ஒரு செய்தியைக் கண்ணால் கண்டு சொல்கிறீர்களா, பிறர் சொல்லக் கேட்டதா என்பதை வினையின் வடிவமே காட்டும். இத்தனையும் ஒரே குடும்பம்.

'ஹேவ்' கதை இன்னும் சுவையானது. லத்தீனில் 'ஹாபேரே' என்று ஒரு வினை உண்டு, அதே பொருள். பார்த்தவுடன் ஆங்கில 'ஹேவ்' அதன் உறவு என்று தோன்றும். உறவே இல்லை. 'ஹேவ்' வந்த வேர், லத்தீனில் 'பிடி' என்று பொருள்படும் 'காபெரே' வந்த அதே வேர். 'பிடித்திருக்கிறேன்' என்பது பிற்காலத்தில் 'எனக்கு இருக்கிறது' ஆகிவிட்டது. மூல மொழியில் உடைமைக்கென்று ஒரு வினை இருக்கவில்லை. சமஸ்கிருதத்திலும் இல்லை. 'எனக்கு இருக்கிறது' என்றுதான் அவர்களின் முன்னோரும் சொன்னார்கள்.

மார்ச் 5, சற்றுப் பிறகு

வரிசைக்கும் ஒரு சான்று விட்டுப்போயிற்று. ஹிட்டைட் என்ற மொழி, இன்றைய துருக்கியில் களிமண் பலகைகளில் கிடைத்தது. அது எந்தக் குடும்பம் என்று தெரியாமல் இருந்தது. 1915-இல் பெட்ரிச் ஹ்ரோஸ்னி என்ற செக் அறிஞர் ஒரு வரியை வைத்து அதைத் திறந்தார். அந்த வரி: 'ரொட்டியை உண்பீர்கள், நீரைப் பருகுவீர்கள்.' அதில் நீருக்கு இருந்த சொல் 'வாதர்'. ஆங்கில 'வாட்டர்' தெரிந்த எவருக்கும் மெய்சிலிர்க்கும்.

எனக்குச் சிலிர்த்தது இன்னொரு இடத்தில். அந்த வரியை வரிசை மாற்றாமல் தமிழாக்கலாம். இரண்டு பாதியிலும் வினை கடைசியில் நிற்கிறது.

மார்ச் 6

கேள்வி: 'அமைப்பு ஒன்றாக இல்லை என்றால் எதை வைத்து ஒரே குடும்பம் என்கிறார்கள்?'

ஒலிகளின் ஒழுங்கை வைத்து. சமஸ்கிருத 'பித்ரு', லத்தீன் 'பாதெர்', ஆங்கில 'ஃபாதர்'. அதேபோல் 'பாத' என்றால் ஆங்கிலத்தில் 'ஃபுட்'. அங்கே ப வரும் இடத்தில் இங்கே ஃப. ஒரு சொல்லில் வந்தால் தற்செயல். நூறு சொல்லில் ஒரே மாதிரி வந்தால் வரலாறு. யாக்கோப் கிரிம் 1822-இல் இதை விதியாக எழுதினார். டென்மார்க்கின் ராஸ்க் 1818-லேயே கவனித்திருந்தார்.

இதற்கு ஐரோப்பா வரை போகவே வேண்டாம். பால், ஹாலு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பல், ஹல்லு. தமிழில் சொல் தொடக்கத்தில் ப வரும் இடத்தில் இன்றைய கன்னடத்தில் ஹ. மறுபக்கம், கன்னடக் 'கிவி' நமக்குச் 'செவி', அவர்களின் 'கெம்பு' நம் 'செம்மை'. இந்தச் சொற்களில் மாறியது நாம், கன்னடம் பழைய ககரத்தை வைத்துக்கொண்டது.

ஆக, இந்தோ-ஐரோப்பியத்தில் கூர்தீட்டிய கருவி எல்லா மொழிக்கும் பொருந்துகிறது. அந்தக் குடும்பத்திலிருந்து மற்ற மொழிகளுக்குக் கிடைத்தது இந்தக் கருவிதான். அமைப்பின் அச்சு கிடைக்கவில்லை.

மார்ச் 6, இரவு

'ஒன்று' என்பதும் 'ஒன்' என்பதும் ஒரே சொல்தானே என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். இல்லை. ஆங்கில 'ஒன்' பழைய வடிவத்தில் 'ஆன்', லத்தீன் 'ஊனுஸ்'-இன் உறவு. தமிழில் 'இரண்டு', 'மூன்று', 'நான்கு' எதுவும் அப்படி ஒத்துப்போகவில்லை. ஒரே ஒரு சொல் ஒலித்ததை வைத்து உறவு சொன்னால் ஏமாந்துபோவோம். பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது. ஆங்கிலத்தில் 'பேட்' என்றாலும் கெட்டது. இரண்டும் ஒரே பெரிய குடும்பத்து மொழிகள் வேறு. ஆனாலும் அந்தச் சொற்களுக்குள் உறவு இல்லை. ஆஸ்திரேலியாவின் ம்பாபரம் மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. தற்செயல்.

எதிர்ப்பக்கம் இன்னும் விசித்திரம். அர்மீனியத்தில் இரண்டுக்குச் சொல் 'எர்கு'. லத்தீனில் 'துவோ'. காதுக்கு ஓர் ஒற்றுமையும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே மூலச் சொல். 'சக்கர' என்ற சமஸ்கிருதச் சொல்லும் ஆங்கில 'வீல்' என்ற சொல்லும் கூட அப்படித்தான். காதை நம்பக் கூடாது, வரிசையாக வரும் ஒழுங்கைத்தான் நம்ப வேண்டும்.

மார்ச் 9

இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதையைச் சொல்லாமல் போக மனசில்லை.

ஃபெர்டினாண்ட் டி சோசூர் என்ற ஸ்விஸ் மாணவர், வயது 21. மூல மொழியின் உயிரொலிகளைப் பற்றி ஒரு நூல் எழுதுகிறார், 1879 என்ற ஆண்டைத் தாங்கி வெளிவருகிறது. கிரேக்கம், லத்தீன், சமஸ்கிருதம் மூன்றிலும் உயிரொலிகள் சில இடங்களில் ஒழுங்கில்லாமல் இருக்கின்றன. அவர் கணக்குப் போடுகிறார். மூல மொழியில் இன்னும் சில ஒலிகள் இருந்து, பக்கத்து உயிரை நீட்டியோ மாற்றியோ விட்டு மறைந்திருந்தால், எல்லாம் ஒழுங்காகிவிடுகிறது. அந்த ஒலிகள் அப்போது தெரிந்த எந்த மொழியிலும் இல்லை. வெறும் கணக்குதான். பெரிய அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை.

சோசூர் 1913-இல் இறந்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து ஹிட்டைட் திறக்கிறது. 1927-இல் போலந்தின் குரிவோவிச் கவனித்துச் சொல்கிறார்: சோசூர் 'இங்கே ஓர் ஒலி இருந்திருக்க வேண்டும்' என்று சொன்ன இடங்கள் பலவற்றில் ஹிட்டைட் பலகைகளில் ஹ போன்ற ஓர் ஒலி எழுதப்பட்டிருக்கிறது. லத்தீனில் 'முன்னால்' என்பதற்கு 'ஆந்தே'. ஹிட்டைட்டில் நெற்றிக்கும் முன்பக்கத்துக்கும் 'ஹந்த்'.

யாரும் கேட்டிராத ஒலியை ஒழுங்கை மட்டும் நம்பி ஒருவர் சொன்னார், அது மண்ணுக்குள் இருந்தது. இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மொழி மாறுவது தாறுமாறாக நடந்திருந்தால் இப்படி ஒரு கணிப்பு பலித்திருக்காது. மனித வாயும் காதும் எல்லாருக்கும் ஒன்று, ஆகவே ஒலி மாறும் விதங்களும் எங்கும் ஒரே வகை. இந்தோ-ஐரோப்பியத்துக்கும் மற்ற மொழிகளுக்கும் உள்ள உறவு எது என்று என்னைக் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

மார்ச் 10

சின்னத் திருத்தம். இந்தக் குடும்ப ஆராய்ச்சி எல்லாம் 1786-இல் நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஆற்றிய உரையில் தொடங்கியது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புகழ் அந்த உரைக்குத்தான். ஆனால் கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1767-லேயே சமஸ்கிருத, லத்தீன் ஒற்றுமைகளைப் பட்டியலிட்டுப் பாரிசுக்குக் கடிதம் அனுப்பினார். 1808-இல்தான் அது அச்சேறியது. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ் எழுதியது 1816. கால்டுவெல் நூல் 1856. எல்லிஸை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை.

மார்ச் 14

நாம், நாங்கள். கேட்பவரைச் சேர்த்து ஒன்று, விட்டுவிட்டு ஒன்று. மொழிபெயர்க்கும்போது ஆங்கில 'வி' வரும் ஒவ்வொரு இடத்திலும் நான் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு முறை 'எங்களுக்கு ஆபத்து' என்று போட வேண்டிய இடத்தில் 'நமக்கு ஆபத்து' என்று போட்டு, முழுக் கடிதத்தின் தொனியே மாறிப்போயிற்று.

இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பெரும்பாலானவற்றில் இந்தப் பாகுபாடு இல்லை. ஆனால் மராத்தியில் 'ஆபண்', 'ஆம்ஹீ' என்று இரண்டு உண்டு. குஜராத்தியில் 'ஆப்ணே', 'அமே'. பக்கத்தில் இருந்த திராவிட மொழிகளோடு பழகியதில் வந்தது என்பதுதான் பரவலான விளக்கம். இன்றைய கன்னடம் எதிர்த்திசையில் போயிருக்கிறது, 'நாவு' ஒன்றுதான். திராவிடக் குடும்பத்தில் ஒரு மொழி இழந்ததை இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் சில மொழிகள் பெற்றிருக்கின்றன.

பப்புவா நியூகினியின் டோக் பிசின் இன்னும் அழகு. சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. 'யூ', 'மீ' சேர்ந்து 'யூமி' என்றால் நாம். 'மீபெலா' என்றால் நாங்கள். சுற்றியிருந்த மொழிகளுக்கு அந்தப் பாகுபாடு தேவைப்பட்டது, ஆங்கிலத் துண்டுகளை எடுத்தே கட்டிக்கொண்டார்கள்.

குடும்பம் என்பது பிறப்பு. அமைப்பில் பாதி அக்கம்பக்கத்தோடு பழகி வருவது. மொழியியலாளர் எமனோ 1956-இல் இந்தியா முழுவதையும் ஒரே மொழிப்பரப்பு என்று எழுதியது இதைத்தான். வளைநா ஒலிகள் (ட, ண போன்றவை), 'என்று' என முடித்துப் பேச்சை மேற்கோள் காட்டுவது (சமஸ்கிருதத்தில் 'இதி'), வரிசையாக வினையெச்சங்களை அடுக்குவது, எல்லாம் குடும்ப எல்லையைத் தாண்டி நிற்கின்றன.

மார்ச் 15

நேற்று எழுதிய பின் வந்த சில பதில்கள் எனக்கு வருத்தம் தந்தன. 'ஆகவே தமிழ்தான் இயற்கையான மொழி, மற்றவை கெட்டுப்போனவை' என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. முதல் கேள்வியில் இருந்த அதே தவறு இது, பெயர் மட்டும் மாறியிருக்கிறது. எந்தக் குழந்தையை எந்த மொழிக்கு நடுவில் வளர்த்தாலும் ஏறக்குறைய ஒரே வயதில் பேச ஆரம்பிக்கிறது. குழந்தைக்கு எல்லா மொழியும் ஒரே தூரத்தில் இருக்கிறது.

அச்சில் வார்ப்பது நமக்கும் பழசுதான். வேற்றுமை எட்டு என்று பள்ளியில் படித்தோம். அந்த எண்ணிக்கையும் வரிசையும் சமஸ்கிருத இலக்கணத்தைப் பார்த்து வைத்தவை என்று கால்டுவெல் சொன்னார். 'ஓடு', 'உடன்' வேறு, 'ஆல்' வேறு. ஆனால் மூன்றையும் மூன்றாம் வேற்றுமை என்ற ஒரே அறையில் அடைத்திருக்கிறோம், சமஸ்கிருதத்தில் அது ஒரே உருபு என்பதால். 11-ஆம் நூற்றாண்டின் வீரசோழியம் வெளிப்படையாகவே வடமொழி முறையில் தமிழுக்கு இலக்கணம் சொன்னது. என் படிவத்தில் இருந்த கட்டத்துக்கு ஆயிரம் வருஷப் பாரம்பரியம் இருக்கிறது.

மார்ச் 21

'அப்படியானால் எல்லா மொழிக்கும் பொதுவானது எதுவுமே இல்லையா?'

இருக்கிறது. ஆனால் ஒரு குடும்பத்துக்குள் மட்டும் தேடினால் அகப்படாது. மொழியியலாளர் கிரீன்பெர்க் 1963-இல் வெவ்வேறு குடும்பங்களிலிருந்து 30 மொழிகளை எடுத்து 45 பொதுமைகளைச் சொன்னார். பெரும்பாலானவை 'இது இருந்தால் அது இருக்கும்' என்ற வகை. வினை கடைசியில் வரும் மொழியில், உருபு பெயருக்குப் பின்னால் வரும் வாய்ப்பு மிக மிக அதிகம். தமிழ், ஜப்பானியம், துருக்கியம் மூன்றும் அப்படி. மூன்றும் வேறு வேறு குடும்பம்.

விலக்கும் உண்டு. பாரசீகத்தில் வினை கடைசியில், ஆனால் முன்னுருபு. அதனால்தான் 'மிக அதிகம்' என்கிறேன், 'எப்போதும்' என்று சொல்வதில்லை. இந்தப் பொதுமைகள் மூளையில் பிறவியிலேயே எழுதப்பட்டவையா, பேசவும் புரிந்துகொள்ளவும் எளிதாக இருப்பதால் தாமாக அமைந்தவையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு இரண்டாவது பக்கம் சாய்வு.

மார்ச் 28

ஒரு வாரமாக யோசித்து எழுதுகிறேன். இதுவரை நான் எழுதிய எல்லாம் வாயால் பேசும் மொழிகளைப் பற்றியே இருந்திருக்கிறது. இயற்கை மொழி என்றால் சைகை மொழியும் அதில் அடங்கும்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆங்கிலம். ஆனால் பிரிட்டிஷ் சைகை மொழியும் அமெரிக்கச் சைகை மொழியும் ஒன்றுக்கொன்று புரியாது. அமெரிக்கச் சைகை மொழிக்கு உறவு பிரெஞ்சுச் சைகை மொழியோடு, ஏனென்றால் 1817-இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கியபோது பாடம் சொல்ல வந்தவர் லோராங் கிளேர், பாரிசில் படித்தவர், தாமும் காது கேளாதவர். அந்த மொழிகளுக்குத் தனிக் குடும்ப வரலாறு. இந்தோ-ஐரோப்பியத்துக்கு அங்கே இடமே இல்லை.

நெகேவ் பாலைவனத்தில் அல்-சையித் என்ற பெதூயின் ஊரில் மூன்று தலைமுறைக்குள் ஒரு சைகை மொழி தானாகப் பிறந்தது. சுற்றிலும் அரபும் ஹீப்ருவும். இரண்டிலும் வினை நடுவில் வரும். இவர்களின் சைகையில் வினை கடைசியில் வந்தது. 2005-இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். யாரிடமிருந்தும் கடன் வாங்காமல் பிறந்த வரிசை.

என் அத்தை மகன் பிறவியிலேயே காது கேளாதவர். முப்பது வருஷமாக அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் பேசுவதை 'சாடை' என்றுதான் நாங்கள் வீட்டில் சொல்வோம். அதற்கு இலக்கணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் 30

நேற்று அவரைப் பார்க்கப் போனேன். அவர் மனைவியும் காது கேளாதவர். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் பாதி புரிந்தும் புரியாமலும் உட்கார்ந்திருந்தேன். 14-ஆம் தேதி எழுதியது மனசில் இருந்தது. 'நாம்' என்பதற்கு எப்படிக் காட்டுவீர்கள் என்று எழுதிக் கேட்டேன்.

அவர் விரலால் ஒரு வட்டம் சுற்றினார். தன்னில் தொடங்கி, மனைவி, நான், மறுபடி தான். 'நாங்கள்' என்று எழுதிக் காட்டினேன். கொஞ்சம் யோசிக்கக்கூட இல்லை. வட்டத்தைச் சுருக்கிப் பக்கவாட்டில் தள்ளினார். அது அவர்கள் இரண்டு பேர் மேல் மட்டும் சுற்றி வந்தது, என் பக்கம் வரவில்லை.